தெளிவாக விழுந்த முத்திரை

தபால் முத்திரையைக் குத்தக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும். எத்தனையோ தபால் நிலையங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொசுவை அடிக்கிற மாதிரி ஓங்கி ஒரு போடு போடுவார்கள். தேதி பாதி விழும், ஊர்ப் பெயர் பாதி விழும், மீதி மை மேசைக்குப் போகும். உங்கள் அலுவலகத்திலும் கவனித்தேன், ஆய்வாளர் ஐயா. உங்கள் எழுத்தர் வைக்கிற ரப்பர் முத்திரை வலப்பக்கம் சாய்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, தாளும் பேனாவும் கொடுத்து ஜன்னலோரமாக உட்கார வைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. வாயால் சொல்வதைவிட எழுதுவதுதான் எனக்குக் கைவந்த வேலை. எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில், அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற மூன்றும் இல்லாத கடிதத்தைத் தமிழாசிரியர் படிக்காமலேயே கிழித்துப் போடுவார். பிறகு முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரிய அலுவலகத்தில், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று பொதுமக்களுக்கு விளக்கம் எழுதினேன். ஒரே காரணத்தை ஒரு தெருவுக்கு இரண்டு முறை எழுதியதில்லை. ஆகவே இதையும் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் சேர்ப்பது தபால்தலை அல்ல. அதை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். நான் சேர்ப்பது, தபால்தலையின் மேல் விழுகிற முத்திரை. அதிலும் விளையாட்டுச் சம்பந்தமான சிறப்பு முத்திரை மட்டும். ஒரு பெரிய போட்டி நடந்தால் தபால் துறை அந்த மைதானத்து வாசலில் ஒரு மேசை போடும். ஓடுகிறவன், தாண்டுகிறவன், மட்டை பிடிக்கிறவன் என்று ஏதாவது படம் செதுக்கிய முத்திரையை அன்று ஒருநாள் மட்டும் உறைகளில் வைத்துக் கொடுக்கும். மறுநாள் அந்த முத்திரை பெட்டிக்குள் போய்விடும். கேட்டாலும் கிடைக்காது. அந்த ஒருநாளைத்தான் நான் சேர்க்கிறேன். நாற்பது வருடத்தில் அறுநூற்றுப் பதினோரு நாள் சேர்ந்திருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வைத்திருந்த நாளில் ஈட்டி எறிதல் வந்துவிட்டது. அதன் பிறகு அக்காவும் வற்புறுத்தவில்லை.

அக்கா வீட்டு மாடியில்தான் ஓர் அறையில் இருக்கிறேன். கீழே அக்காவும் அத்தானும். அத்தானை ஊரில் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் கிடையாது. எல்லோருக்கும் அவர் 'சுவர்'. நகரக் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பராகப் பதினைந்து வருடம் நின்றவர். அவருடைய இடது பக்கமாக ஒருவனும் கோல் போட்டதில்லை என்பது ஊரறிந்த சேதி. ஓர் இறுதிப் போட்டியில் இடது பக்கம் பாய்ந்து இரண்டு பெனால்டியைப் பிடித்தார். அந்தக் கதையை எழுபது வயதிலும் வாரம் ஒருமுறை சொல்வார். ஒவ்வொரு முறையும் பந்தின் வேகம் கொஞ்சம் கூடும்.

அவரும் நானும் நன்றாகவே பழகினோம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடி ஏறி வருவார், என் ஆல்பத்தைப் புரட்டுவார், சிரிப்பார்.

"மச்சான், நீ ஓடினதில்ல, தாண்டினதில்ல. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்ல. எவனோ ஓடின வேர்வைய நீ மையில தொட்டு வச்சிருக்க" என்பார்.

நான் கோபித்துக்கொண்டதில்லை. கையை மட்டும் துடைத்துவிட்டுப் புரட்டச் சொல்வேன்.

போன வருடம் மாநாட்டு அரங்கில் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி நடந்தது. எனக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். தங்கம் ஏன் இல்லை என்று நடுவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். 'கால்பந்துப் பகுதியில் எழுபத்து நான்கு முத்திரைகள் உள்ளன. எல்லாம் கால்கள். கை ஒன்றுகூட இல்லை. கோல்கீப்பர் இல்லாத கால்பந்து முழுமையாகாது.'

அவர் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து எழுபத்து நான்கையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் உதைக்கிற கால்தான். பிடிக்கிற கையைச் செதுக்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று கண்காட்சியில் பக்கத்தில் தன் சேகரிப்பை வைத்திருந்த மருந்துக்கடைக்காரர் வேறு, "என்ன சார், கை கொடுக்க ஆளில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இவரைச் சங்கத்தில் 'பசை' என்றுதான் சொல்வார்கள். பசை பட்டால் தபால்தலை பாழாகும் என்றுகூடத் தெரியாமல், முதல் வருடம் அத்தனையையும் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்த புண்ணியவான். தபால் அலுவலகக் குப்பைக்கூடைகளில் வீசிய பழைய உறைகளைக் கெஞ்சி வாங்கி வருவதுதான் இவருடைய சேகரிப்பு. இவர் என்னைக் கேலி செய்கிறார்.

கோல்கீப்பர் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் வெளியே தேட வேண்டும்? அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சிறப்பு முத்திரை வெளியிட வேண்டும் என்று தபால் துறைக்கு விண்ணப்பம் எழுதினேன். நான்கு பக்கம், இரண்டு இணைப்பு. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டே வரி. 'உயிருடன் இருப்பவர்கள் குறித்த விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை. உரிய காலத்தில் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

மறுத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள். அவளுக்கு அலுவலகக் கடிதம் படிக்கத் தெரியாது. மறுப்பதாக இருந்தால் முதல் வரியோடு நிறுத்தியிருப்பார்கள். இரண்டாவது வரி ஏன் எழுதினார்கள்? காலத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

கடிதத்தை அத்தானிடமும் காட்டினேன். மறைக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"செத்தாத்தான் போடுவாங்களாமா? அப்போ கொஞ்சம் பொறு மச்சான். எப்படியும் ஒருநாள் உன் ஆல்பத்துக்கு வந்துதானே ஆகணும்" என்றார்.

"வாயைக் கழுவுங்க" என்று அக்கா அதட்டினாள்.

நான் அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அக்காதான் சாட்சி.

பதில் வந்த மறுமாதம் முதல் தேதி கால்பந்துக் கழகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. கழகத்தின் அறுபதாம் ஆண்டுப் போட்டி, இறுதி ஆட்டம் அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. எழுபதாம் ஆண்டுவரை இப்படியொரு விழா வராது. நினைவு முத்திரை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நூறு பேர் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள். தபால் துறை விதிப்படி விண்ணப்பம் நாற்பத்தைந்து நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டேன். பதின்மூன்றாம் தேதி கடைசி.

உரிய காலம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெளிவானது.

ஐந்தாம் தேதி என்று வைத்திருந்தேன். சான்றிதழ் வாங்க, படம் வரைய, விண்ணப்பம் எழுத எட்டு நாள் தாராளம். நான்காம் தேதி சாயங்காலம் அத்தானுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து நடக்கவே முடியவில்லை. காய்ச்சலில் கிடக்கிற மனிதரிடம் அதைச் செய்வது எனக்கு முறையாகப் படவில்லை. அக்காவுக்கு மூட்டுவலி. அதனால் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். அவர் குணமாக வேண்டும் என்று என்னைவிட அக்கறையாக விரும்பியவர்கள் அந்த வீட்டில் இல்லை.

ஆனால் தேதி நமக்காக நிற்காது. எட்டாம் தேதி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அவர் படுக்கைக்குப் போனேன். இரண்டு கையையும் தாளின் மேல் விரித்து வைக்கச் சொல்லி, விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். கை நல்ல சூடாக இருந்தது.

"எதுக்குடா இது?"

"முத்திரைக்கு அத்தான்."

"நான் இன்னும் போகலையேடா."

"முன்கூட்டியே தயாரா இருக்கணும்ல."

"நீ உருப்படவே மாட்ட மச்சான்" என்று சொல்லிவிட்டு, கை நடுங்காமல் இருக்கட்டும் என்று என் முழங்காலிலேயே ஊன்றிக்கொண்டார். நல்ல மனிதர். ஒத்துழைப்பில் குறை வைத்ததில்லை.

அந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு பந்தை வரைந்தேன். விண்ணப்பத்தை எழுதினேன். மறைந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பொய்த் தேதி போட எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் நான் பொய் எழுதியதே இல்லை. 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதினேன். இணைப்பு ஒன்று, வரைபடம். இணைப்பு இரண்டு, கழகத்தின் விழா அறிவிப்பு. இணைப்பு மூன்று, இறப்புச் சான்றிதழ், பின்னர் அனுப்பப்படும். உறையின் மேல், ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி, பொருளையும் எழுதினேன். 'மறைந்த கோல்கீப்பர் நினைவு முத்திரை குறித்த விண்ணப்பம்.' பழக்க தோஷத்தில் கால்பந்துத் தபால்தலை ஒன்றையும் ஒட்டினேன்.

ஒன்பதாம் தேதி காலை தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். முத்திரையைத் துடைக்கச் சொன்னேன். புது மை போடச் சொன்னேன். உறைக்கு அடியில் செய்தித்தாளை நான்காக மடித்து வைக்கச் சொன்னேன்.

"சார், இது தினமும் வைக்கிற சாதா முத்திரை. இதையுமா சேர்க்கிறீங்க?"

"எந்த வேலையா இருந்தாலும் ஒழுங்கா செய்யணும்மா. தேதி நல்லா தெரியணும்."

வைத்து எடுத்தார். என் நாற்பது வருட அனுபவத்தில் அப்படியொரு முத்திரையை நான் பார்த்ததில்லை. முழு வட்டம். ஊர்ப் பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சடித்த மாதிரி. ஒன்பது, காலை பத்து நாற்பது. அவரைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி அத்தானுக்குக் காய்ச்சல் விட்டது. நான் அவசரப்படவில்லை. இரண்டு நாள் தேறட்டும் என்றிருந்தேன். பதினான்காம் தேதி காலையில் தபால் துறையிலிருந்து கடிதம் வந்தது. 'இணைப்பு மூன்று கிடைக்கப்பெறவில்லை. ஒரு வாரத்துக்குள் அனுப்பவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

அரசாங்கமே எழுதிக் கேட்ட பிறகு காலம் தாழ்த்துவது எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் மாடிப்படியின் அமைப்பை நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள். படி ஏறி முடிகிற இடத்தில் சின்னத் தளம். என் அறை வாசலைப் பார்த்து நின்றால் பின்னால் சுவர், வலது பக்கம் சுவர், இடது பக்கம் படி. இருபத்திரண்டு படி, சிமெண்டு. அன்று மதியம் அத்தான் பத்து நாளைக்குப் பிறகு முதல்முறையாக மேலே ஏறி வந்தார். உற்சாகமாக இருந்தார். மேசையடியில் அவருடைய பழைய பந்து கிடந்தது. நான்தான் எடுத்து வைத்திருந்தேன். பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு தளத்தில் போய் நின்றார். சும்மா இருக்கும்போது இப்படி நிற்பது அவருக்கு வழக்கம். பின்சுவர்தான் கோல். நான் இரண்டு மூன்று போடுவேன், பிடிப்பார், பெனால்டிக் கதையைச் சொல்வார்.

"போடு பார்க்கலாம், மச்சான்" என்றார்.

முதல் பந்தை நேராகப் போட்டேன். பிடித்தார். இரண்டாவது வலது பக்கம். தட்டிவிட்டார்.

"என்னடா, காய்ச்சக்காரன்னு பாவம் பார்க்கிறியா? ஒழுங்கா போடு."

மூன்றாவது பந்தை அவருடைய இடது பக்கம் போட்டேன். ஒரு கை அளவு தள்ளி, தோளுயரத்தில்.

இதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. கையால் தொடவில்லை, தள்ளவில்லை. பந்தை விட்டுவிடலாம் என்று அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் தன் இடது பக்கம் வருகிற பந்தை விடுவது அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஒரு விஷயத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் பந்தைப் பிடித்துவிட்டார். கீழே டாக்டர் வந்து பார்க்கும்போதும் பந்து இரண்டு கைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். விரல்கள் நான் வரைந்த படத்தில் இருந்தபடியே இருந்தன. என் வரைபடம் சரி என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி.

வயசானவர், காய்ச்சலில் எழுந்தவர், ஆர்வக்கோளாறில் விழுந்துவிட்டார் என்றார்கள். அக்கா அழுதாள். நான்தான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தேன். சான்றிதழுக்கு அலைந்தது நான், கழகத்தில் பேசி இறுதி ஆட்டத்தை நினைவு ஆட்டமாக மாற்றியது நான். பதினெட்டாம் தேதி இணைப்பு மூன்றை அனுப்பிவிட்டேன்.

முத்திரை வந்தது. அதைப் பற்றிச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி மைதானத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஊழியர், கொசு அடிக்கிற ரகம். மையையும் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருந்தார். முதல் ஆளாக நின்று நாற்பது உறை வாங்கினேன். நாற்பதிலும் கைகள் ஒன்றோடொன்று ஒட்டி, முட்டைக்கோஸ் மாதிரி விழுந்திருந்தன. பந்து எங்கே என்று பந்து வரைந்த எனக்கே தெரியவில்லை.

இருந்தாலும் இந்த வருடக் கண்காட்சிக்கு அதைத்தான் வைத்தேன். அக்காவையும் வற்புறுத்தி அழைத்துப்போனேன். அத்தானுக்கு நான் வாங்கிக்கொடுத்த மரியாதையை அவள் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் சட்டகத்துக்கு முன்னால் நின்று, நடுவர் எழுதிய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். மறுபடி வெள்ளி. 'கைகள் தெளிவில்லை.' திரும்பிப் பார்த்தால் அக்கா பக்கத்தில் இல்லை. நான்கு சட்டகம் தள்ளி, பசையின் சட்டகத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அங்கே நடுவில் என் உறை இருந்தது. விண்ணப்பம் அனுப்பிய உறை. தபால் துறை அலுவலகத்தில் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். 'நினைவு முத்திரை பிறந்த கதை' என்று தலைப்பு வேறு. சாதா முத்திரைப் பிரிவில், தெளிவுக்காக, அதற்குத் தங்கம்.

அக்கா என் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதில் எழுதக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். உறையில் எழுதியிருந்த பொருளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு வட்டத்துக்குள் இருந்த தேதியைப் படித்தாள். அவளுக்குக் கண்பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் அந்த முத்திரையைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"ஒன்பதாம் தேதி உங்க அத்தான் காய்ச்சலோட படுத்திருந்தாரு" என்றாள். "நீதான்டா வெந்நீர் வச்சுக் குடுத்த."

பசை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்கு நேரம் எடுத்தது. எதுவும் அவருக்குச் சீக்கிரம் ஒட்டுவதில்லை.

அக்கா அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நான் அரங்கு மூடும்வரை இருந்து, சட்டகங்களைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள்.

ஆக, எழுத்துமூலமாக ஒப்புக்கொள்கிறேன். அத்தானைக் கொன்றது நான். ஐந்தாம் தேதி செய்ய வேண்டியதைப் பதினான்காம் தேதி செய்தேன். என்னுடைய தவறு அந்த ஒன்பது நாள் மட்டும்தான்.

இரண்டு வேண்டுகோள். வழக்குக் கட்டில் அந்த உறையைச் சேர்க்கும்போது துளை போட வேண்டாம். கிளிப்பும் வேண்டாம், துருப்பிடிக்கும். இந்த விவகாரம் முழுவதிலும் சுத்தமாக நடந்த காரியம் அந்த ஒரு முத்திரைதான்.

இன்னொன்று. அக்கா என்னைப் பார்க்க வர மறுக்கிறாள் என்று சொன்னீர்கள். அவளிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவன் என்பதற்காகக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்காக இவ்வளவு அலைந்தவன் வேறு யார் இருக்கிறான்?